இன்னும் வராத தேதி

அத்தியாயம் ஆறு

"கை வைக்காதே. பார்த்துட்டு மட்டும் சொல்லு."

ரஞ்சனி அக்கா இதைச் சொன்னது என்னிடம் இல்லை, கம்ப்யூட்டரிடம். கறுப்புத் திரையில் எஃப்எஸ்சிகே என்று ஒரு கட்டளை, அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு கோடும் 'என்' என்ற ஆங்கில எழுத்தும். டிஸ்க்கில் எங்கெங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல், எதையும் மாற்றிவிடாதே என்று அதற்கு அர்த்தமாம். அதை அடிக்கும்போது அக்கா வாய்விட்டும் சொல்லிவிட்டார். வடைத் தட்டு மேசைக்கு வரும்போதெல்லாம் என்னிடமும் இதையேதான் சொல்வார். கம்ப்யூட்டர் என்னைவிடப் பேச்சுக் கேட்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் நவநீதகிருஷ்ணன். சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷன் போகும் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது ரஞ்சனி அக்கா நடத்தும் துப்பறியும் நிலையம். அங்கே நான் உதவியாளன், கார் டிரைவர், டீ வாங்கி வருபவன், திட்டு வாங்குபவன். கடைசி வேலைக்குத்தான் ஓவர்டைம் அதிகம்.

அன்று காலை அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றபடி தட்டுவார், ஜன்னலுக்குப் போவார், திரும்பி வந்து திரையைப் பார்ப்பார். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த தேவிப்ரியா, அக்கா நடக்கிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கலையரசன் லாரி டிரைவர். சேலம் ஜெயிலில் இருந்தான். ஜாமீன் ஒரு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது. இரண்டாவது மனு அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விசாரணைக்கு வருகிறது. அதுவும் போனால் இந்த வருஷம் அவன் வீட்டுக்கு வருவது சந்தேகம் என்று வக்கீல் சண்முகவேல் சொல்லியிருந்தார்.

வழக்கு இதுதான். ஆடி மாதம் பிறந்த முதல் வாரத்தில், ஓமலூர் தாண்டி சர்வீஸ் ரோட்டில், சுப்பையன் என்ற விவசாயி மொபெட்டில் சாமந்திப் பூ மூட்டையை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனார். ஒரு நீல லாரி அவரை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. மனுஷன் அங்கேயே முடிந்தார். முன்பக்கம் கருடன் படம் போட்ட லாரி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்படி அலங்கரித்த லாரி அந்தப் பக்கம் இரண்டுதான். இரண்டும் ஒரே முதலாளியுடையவை. ஒன்றை ஓட்டியது கலையரசன். இன்னொன்றை ஓட்டுவது முதலாளி மகன் தீனதயாளன். என் வண்டி அன்றைக்கு முழுக்க ஷெட்டில்தான் நின்றது என்று தீனதயாளன் போலீசில் சொல்லிவிட்டான்.

கலையரசன் சொன்னதோ வேறு. அந்த நேரத்தில் நான் வெங்கடாசலத்தின் வே பிரிட்ஜில், எடை மேடை மேலே வண்டியோடு நின்றுகொண்டிருந்தேன் என்றான். புது கம்ப்யூட்டர் வைத்து முதல் எடை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள், கேமரா படம் எடுத்திருக்கும் என்றான். போலீஸ் போய்ப் பார்த்தது. அந்தத் தேதியில் ஒரு படமும் இல்லை. புது மெஷினை மறுநாள்தான் திறந்தோம் என்று வெங்கடாசலமும் சொல்லிவிட்டார். கலையரசன் பொய்யன் ஆனான்.

பிறகு வக்கீல் முறையாகப் படங்களைக் கேட்டபோது, கரண்ட் விட்டுவிட்டு வந்ததில் கம்ப்யூட்டரே படுத்துவிட்டது என்றார் வெங்கடாசலம். டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றார். கோர்ட் உத்தரவு போனதும் அதே டிஸ்க் அவர் பீரோவிலிருந்து எழுந்து வந்தது. அதன் அச்சு மாறாத நகல்தான் இப்போது எங்கள் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. அசலை அக்கா உறையில் போட்டு ஒட்டிவிட்டார். வைத்தியம் எதுவானாலும் நகலுக்குத்தான்.

"அந்த ஆளே உடைச்சுட்டாருங்களா?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

எனக்கும் அதே சந்தேகம்தான். அக்கா திரையைக் காட்டி இல்லை என்றார். வேண்டுமென்று அழிக்கிறவன் ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவான். இங்கே டிஸ்க் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிருக்கிறது. இதை உடைத்தது கரண்ட்தான். வெங்கடாசலம் அந்த ஒரு விஷயத்தில் உண்மை பேசியிருக்கிறார்.

"அப்படீன்னா ஏன் ஒளிச்சு வெச்சார்?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அக்கா.

டிஸ்க்கின் முதல் பக்கத்தில், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு பகுதி உண்டாம். பெயர் சூப்பர் பிளாக். அது நாசம். ஆனால் இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் புத்திசாலிகள், அதன் நகல்களை டிஸ்க்கில் பல இடங்களில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அக்கா அதில் ஒன்றின் எண்ணைக் கொடுத்து, இப்போது கை வைக்கலாம் என்று கட்டளையை மாற்றினார். ஐந்து சுற்று. முதல் சுற்று ஓடியது. இரண்டாவது சுற்றில் கேள்வியாகக் கேட்கத் தொடங்கியது. இந்த ஃபைலுக்கு வீடு இல்லை, சேர்த்துக்கொள்ளவா? சேர். இதற்கும் இல்லை, சேர்க்கவா? சேர். அக்கா ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் தட்டினார். வக்கீல் இரண்டு தடவை போன் செய்தார். கீழே பேக்கரியில் மிக்ஸி ஓடினால் எங்கள் விளக்கு மங்கும். மங்கும்போதெல்லாம் மூன்று பேரும் மேலே பார்த்தோம்.

ஐந்தாவது சுற்று முடிந்தது. வீடில்லாத ஃபைல்களை எல்லாம் அது ஒரே ஃபோல்டரில் கொண்டுவந்து போட்டிருந்தது. தொலைந்து கிடைத்தவை என்று அதற்குப் பெயர். ரயில்வே ஸ்டேஷனில் குடைகளும் டிபன் கேரியர்களும் கிடக்குமே, அந்த மாதிரி அறை. படங்களின் பெயர் எல்லாம் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மட்டும் இருந்தது.

முதல் எண்ணைத் திறந்தார் அக்கா. நீல லாரி, கருடன், எடை மேடை. கேபின் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான் ஒருவன்.

தேவிப்ரியா எழுந்து வந்து திரைமேல் கையை வைத்தாள். "இவருதானுங்க" என்றாள். பிறகு சத்தமில்லாமல் அழுதாள்.

எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அக்காவின் முகம் மட்டும் மாறவில்லை. படத்தின் மூலையில் கேமரா போட்ட தேதியைக் காட்டினார். மணி சரி, பதினோரு மணி. விபத்து நடந்த நேரமேதான். தேதி ஆகஸ்ட் இருபத்தொன்று.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஆகஸ்ட் பத்தில்.

"அக்கா, இந்தக் கேமராவுக்கு ஜோசியம் தெரியுமா?" என்றேன்.

வக்கீலுக்குப் போன் போட்டார் அக்கா. அவர் சொன்னது எனக்கும் கேட்டது. இன்னும் வராத தேதியில் எடுத்த படத்தைக் கோர்ட்டில் நீட்டினால், எதிர்த்தரப்பு சிரிக்கும், நீதிபதி கோபப்படுவார், நாமே கம்ப்யூட்டரில் செய்து கொண்டுவந்தோம் என்பார்கள், இருக்கிற பேரும் கெடும். கொடுக்காதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தேவிப்ரியா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் டீ கிளாஸைக் கழுவப் போனேன். வாழ்நாளில் நானாகக் கழுவியது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது அக்கா சுவரில் தொங்கிய பேக்கரி காலண்டரின் தாள்களைக் கிழிக்காமல் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் இருபத்தொன்று. ஆவணி. சுப முகூர்த்த நாள். ஆடி முடிந்து வருகிற முதல் முகூர்த்தம்.

"புது மெஷின் எந்த மாசத்துல வந்துச்சு?" என்றார்.

"ஆடியில."

"ஆடியில புதுசா எதையாவது திறப்பாங்களா நம்ம ஊர்ல?"

எனக்குச் சுரீரென்று உறைத்தது. அக்கா வேகமாக விளக்கினார். டிஸ்க்கில் ஒரு ஃபைல் பிறக்கும்போது டிஸ்க் அதற்கு ஒரு எண் கொடுக்கிறது. பெயரும் தேதியும் கடிகாரத்தைப் பார்த்து வைப்பது. எண் அப்படி இல்லை, அது பிறந்த வரிசை. இது புது டிஸ்க், யாரும் எதையும் அழித்ததில்லை, அதனால் வரிசை கலையவில்லை. ஆவணித் தேதி போட்டவை இரண்டே படங்கள். இரண்டும்தான் வரிசையில் முதல் எண்கள். அதற்கு அடுத்த எண்ணிலிருந்து ஆடித் தேதி வருகிறது, அதுவும் விபத்துக்கு மறுநாள் காலையிலிருந்து. கம்ப்யூட்டர் கடைக்காரர் மெஷினை இறக்கியது விபத்து நடந்த அன்று காலை. இடையில் இருப்பது அந்த ஒரு பகல்தான்.

"மூத்த பிள்ளைக்குக் கடைசிப் பிறந்தநாள் போட்டு வெச்சிருக்காங்க" என்றேன்.

"போட்டவங்க கோர்ட்டுல வந்து சொல்லணும். காரை எடு. அந்த ரெண்டு படத்தையும் பிரிண்ட் போட்டுக்க."

எங்கள் கார் பழைய மாருதி. மூன்றாவது கியரில் அதற்கு மூட்டுவலி. மாரியம்மன் பண்டிகைக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். ஐந்து ரோட்டைத் தாண்டுவதற்குள் தேவிப்ரியா மூன்று தடவை மணி கேட்டாள். அக்கா முன் சீட்டில் சீட் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கருப்பூர் டோல்கேட்டில் எனக்கு முன்னால் நின்ற கார்காரர் சில்லறையைச் சீட்டுக்கு அடியில் தேடினார். அவரை நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுதினால் இந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்க முடியாது.

வே பிரிட்ஜ் ரோட்டோரத்தில் இருந்தது. தகர ஷெட், ஒரு கண்ணாடி அறை, வெளியே வேப்பமரத்தடியில் கட்டில். வெங்கடாசலம் கட்டிலில் இருந்து எழுந்தார். ஒடிசலான மனிதர், வெள்ளைச் சட்டை. தேவிப்ரியாவைப் பார்த்ததும் பார்வையை எடை மேடையில் நின்ற லாரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடி அறைக்குள் அவர் மனைவி பொன்னாயி எங்கோ இரவல் வாங்கி வந்த மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டரில் எடைச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தார். கொண்டையில் பேனா. பத்து விரலும் பார்க்காமல் ஓடின.

அக்கா எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "ஏனுங்க, ஆவணியில முதல் எடை யாருக்குப் போட்டீங்க?"

"ஆவணி இன்னும் வரவே இல்லீங்களே" என்றார் வெங்கடாசலம். சிரிக்கவும் முயற்சி செய்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் தட்டச்சுச் சத்தம் நின்றது. நான் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஆரம்பத்திலிருந்தே பொன்னாயியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இங்கே கம்ப்யூட்டர் தெரிந்தது யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை.

பொன்னாயி வெளியே வந்தார். "அவரை உட்டுருங்க. தேதியை மாத்துனது நாந்தான்" என்றார்.

பிறகு அவரே சொன்னார். பழைய மெஷின் திடீரென்று செத்துவிட்டது. புதுசு வந்துவிட்டது. வரிசையாக லாரிகள், பதினெட்டாம் பெருக்கு வரைக்கும்கூடப் பொறுக்க முடியாத நிலை. ஆடியில் திறக்க மனசு வரவில்லை. அதனால் கம்ப்யூட்டரில் தேதியை மட்டும் ஆவணி முகூர்த்தத்துக்குத் தள்ளி, கற்பூரம் காட்டி, முதல் எடை போட்டார். மெஷின் ஆவணியில் திறந்ததாகத்தானே அர்த்தம்? கலையரசனுக்குக் கைராசி என்று அந்த ரோட்டில் பெயர். போன் போட்டு வரச்சொன்னார். பிரிண்டர் இன்னும் மாட்டவில்லை, காசும் வாங்கவில்லை, சீட்டும் தரவில்லை. கூடவே இன்னொரு வண்டியும் ஏறி இறங்கியது. மறுநாள் காலை தேதியைத் திருப்பி வைத்துவிட்டார்.

"போலீஸ் வந்தப்ப ஏன் சொல்லலை?" என்றார் அக்கா.

பொன்னாயி மகளைப் பற்றிச் சொன்னார். மகள் கனிஷ்கா முதல் பிரசவத்துக்குச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். இரண்டு தடவை கலைந்து, இது மூன்றாவது. "ஆடியை ஏமாத்துனேன்னு நாலு பேரு முன்னாடி என் வாயால சொன்னா, அது அந்தக் குழந்தை மேல உழுந்துருமோன்னு பயந்தேனுங்க. பொறந்ததும் வந்து சொல்லிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஜாமீன் கெடச்சிரும்னு நெனச்சேன்" என்றார். வெங்கடாசலம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்டாட்டிக்காகப் பொய் சொன்ன மனிதரை முழுசாக வெறுக்க என்னால் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

தேவிப்ரியா ஓரடி முன்னால் வந்தாள்.

"கைராசின்னுதானுங்க அவரைக் கூப்பிட்டீங்க. சாப்பாட்டுல கை வெச்சவரு அப்படியே எந்திரிச்சு வந்தாரு. உங்களுக்கு நல்லது நடக்கணும்னுதான் வந்தாரு."

பொன்னாயி தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் வருகிறேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. குழந்தை பிறக்கட்டும், நாளைக்கே வந்து சொல்கிறேன் என்றார். நாளை என்பது அந்த மனுவுக்கு இல்லை என்று அக்கா சொன்னார். பொன்னாயி புருஷனைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன்.

அக்கா என் கையிலிருந்த இரண்டாவது படத்தை வாங்கிப் பொன்னாயியிடம் கொடுத்தார். "கூடவே ஏறுன வண்டி இதுதானுங்களா?"

அந்தப் படத்தை நானும் காலையில் பார்த்திருந்தேன். அதே நீலம், அதே கருடன், முன்னால் மஞ்சள் மாலை. நம்பரை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஷெட்டை விட்டு நகரவே இல்லை என்று தீனதயாளன் சொன்ன வண்டியின் நம்பர். அவன் பொய் சொன்னதற்கு அது போதும் என்று இருந்துவிட்டேன். அக்கா என்னை மாதிரி போதும் என்று இருக்கிற ஆள் இல்லை.

"ஆமாங்க, தயாளன் தம்பி வண்டி" என்றார் பொன்னாயி. "கலையரசன் போயிக் கொஞ்ச நேரத்துல வந்துச்சு. நல்லா நெனப்பு இருக்குதுங்க. ரெண்டாவது வண்டி பூவோட வந்து ஏறுதே, நல்ல சகுனம்னு அவருகிட்டக்கூடச் சொன்னேன். அந்தத் தம்பி கீழேயே எறங்கலை. சீட்டு வராதுன்னதும் ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு."

"அந்தப் பூவைக் கொஞ்சம் கிட்டத்துல பாருங்க" என்றார் அக்கா.

பொன்னாயி படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அது மாலை இல்லை. நூலில் கட்டிய பூவே இல்லை. பம்பரின் இடது மூலையில் ஒரு கிழிந்த சாக்கு மாட்டிக்கொண்டு தொங்கியது. அதன் ஓட்டையிலிருந்து சாமந்தி வழிந்து பம்பர் நெடுக அப்பியிருந்தது. அந்தப் பக்கத்து விளக்கு உடைந்திருந்தது.

பொன்னாயி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "சுப்பையன் பூவா அது?" என்று கேட்டார். "அதைப் பாத்துட்டா நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன்?" என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவரே எழுந்தார். கொண்டையிலிருந்த பேனாவை எடுத்துப் புருஷன் சட்டைப் பையில் செருகினார். "நீங்க எடையைப் பாருங்க. ஆசுபத்திரியில இருந்து போன் வந்தா சொல்லுங்க. நான் போயிட்டு வாரேன்" என்றார்.

போகும்போது இருந்த கார் இல்லை அது. பின் சீட்டில் தேவிப்ரியாவும் பொன்னாயியும் இரண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இன்னொரு ஆளே உட்காரலாம். அக்கா வக்கீலிடம் பேசினார். டிஸ்க்கின் நகல், எண் வரிசை, தேதியை மாற்றிய ஆளே நேரில். வக்கீலின் குரல் மாறிவிட்டது. முதல் வழக்காகவே கூப்பிட்டுவிடுவார்கள், உடனே வாருங்கள், ஆள் இல்லாமல் படத்தை மட்டும் வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நான் மாருதியின் மூட்டுவலியை மறந்து அழுத்தினேன். அதுவும் மறந்து ஓடியது.

ஐந்து ரோடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பொன்னாயியின் போன் அடித்தது. வெங்கடாசலம். கத்திப் பேசும் மனிதர், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கனிஷ்காவுக்கு வலி கண்டுவிட்டது, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், அம்மா எங்கே அம்மா எங்கே என்று கேட்கிறாளாம்.

பொன்னாயி போனை மடியில் வைத்தார். சிக்னல் சிவப்பில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம் திரும்ப வேண்டும், கோர்ட்டுக்கு இன்னொரு பக்கம். நான் பக்கத்து சீட்டில் இருந்த அக்காவைப் பார்த்தேன். எந்தப் பக்கம் என்று சொல்ல அவருக்கும் உரிமை இல்லை.

தேவிப்ரியாதான் பேசினாள். "நீங்க பொண்ணுகிட்டப் போங்கம்மா. அவ பயந்துக்குவா."

சிக்னல் பச்சையானது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். பொன்னாயி கையை நீட்டி, நடுவில் காலியாக இருந்த இடத்தைத் தாண்டி, தேவிப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு அங்க டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. உம் புருஷனுக்கு என்னை உட்டா ஆரு இருக்கா?" என்றவர் என் தோளைத் தட்டினார். "கோர்ட்டுக்கே போ சாமி."

எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. கோர்ட் பக்கம் இண்டிகேட்டரைப் போட்டேன்.